எதிர்ப்புறத்தில் ஒரு நிறுத்தம்

காலை ஆறு நாற்பத்தெட்டுக்கு வடிவேல் வேனை எதிர்த் திசையில் விடுவார். ஒன்றரை வருடமாக அப்படித்தான்.

விழுப்புரம் சாலை நான்கு வழியானபோது பனையந்தாங்கல் ஊர் சாலைக்குத் தெற்கே நின்றுவிட்டது. கிழக்கே புதுச்சேரிக்குப் போகும் வண்டிகளுக்கு வடக்குப் பக்கம். நடுவில் திட்டு. ஊருக்கு மேற்கே எண்ணூறு மீட்டரில் திட்டில் ஒரு திறப்பு இருக்கிறது. கிழக்கே ஒரு கிலோமீட்டரில் இன்னொன்று. ஊருக்கு நேரே எதுவும் இல்லை. முறையாக ஓட்டினால் ஊரைத் தாண்டிப் போய், கிழக்குத் திறப்பில் திரும்பி வந்து, ஆளை ஏற்றி, மேற்குத் திறப்பில் மறுபடியும் திரும்ப வேண்டும். லாரிகள் வழிவிட்டால் பத்து நிமிடம். விடாவிட்டால் பதினைந்து. மேற்குத் திறப்பில் நுழைந்து, தெற்குப் பாதையின் ஓரமாகவே எதிரே ஓட்டிக்கொண்டு போய்க் கிழக்குத் திறப்பில் வெளியேறினால் ஆறு நிமிடம்.

வேனில் பதினேழு பெண்கள். எல்லோரும் தட்டாஞ்சாவடியில் ஒரு ஸ்விட்ச் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். எட்டு மணிக்கு வாசலில் இருக்கும் வருகைப் பதிவுக் கருவிக்கு முகம் காட்ட வேண்டும். எட்டு பத்து வரை அது பொறுக்கும். அதன் பிறகு அரை நாள் சம்பளம் போனது போனதுதான்.

பனையந்தாங்கலில் ஒருத்தி மட்டும் ஏறுவாள். சுமலதா. முப்பத்திரண்டு வயது. கணவன் சென்னையில் பெயின்ட் அடிக்கிறான், மாதம் ஒருமுறை வருவான். வீட்டில் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணும்.

முன்பு அங்கே ஐந்து பேர் ஏறினார்கள். அப்போது ஊருக்கு நேரே திட்டில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. ஐந்து பேரும் கை கோத்துக்கொண்டு சாலையைத் தாண்டி வடக்குப் பக்கம் வந்து நிற்பார்கள். ஒரு நாள் கன்னியம்மாளை ஒரு கார் அடித்தது. அவள் கையைப் பிடித்திருந்தவள் சுமலதா. அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இடைவெளியை இரும்புக் கம்பி வைத்து அடைத்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் வேலையை விட்டார்கள். சுமலதா ஒரு மாதம் கழித்து வடிவேலுக்கு போன் செய்தாள்.

"அண்ணா, நான் வேலைக்கு வரணும். ஆனா இந்தப் பக்கம்தான் நிப்பேன். என்னால தாண்ட முடியாது."

வடிவேல் சரி என்றார். யாரையும் கேட்கவில்லை.

எதிரே ஓட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. முகப்பு விளக்கைப் போட வேண்டும். மண் ஓரத்தை விட்டு விலகக் கூடாது. இருபதுக்கு மேல் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட, தினமும் அதே நேரத்தில் போக வேண்டும். பால் கேன் கட்டிய டிவிஎஸ் எதிரே வரும். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கூடைகளோடு ஒரு ஆட்டோ வரும். ஒரு கல்லூரிப் பேருந்து வரும். அந்த மூன்று பேரும் ஆறு நாற்பத்தெட்டுக்கு ஓரத்தில் வரும் வேனை அறிவார்கள். தூரத்திலேயே உள்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். மீன் ஆட்டோக்காரர் கையைத் தூக்குவார். ஆறு ஐம்பத்தைந்துக்கு வரும் வேனை யாருக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வடிவேல் ஏழு நிமிடம் தாமதம். அவர் வீடு மூலக்குளத்தில். காலை ஐந்தே முக்காலுக்குக் காலி வேனோடு கிளம்பி, மேற்கே கடைசி நிறுத்தமான ஏரிக்கரை வரை போய், அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். அன்று போகும்போதே ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ். பெட்டிகளை எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டார்.

மேற்குத் திறப்பில் நுழைந்தபோது மணியைப் பார்த்தார். பார்த்தும் நுழைந்தார்.

மீன் ஆட்டோ போய்விட்டிருந்தது. டிவிஎஸ்ஸும் போய்விட்டிருந்தது. தண்ணீர் கேன் ஏற்றிய மினி லாரி ஒன்று, முன்னால் போன டாரஸ் லாரியை இடதுபுறமாக முந்திக்கொண்டு மண் ஓரத்தில் வந்தது. வடிவேல் வலது பக்கம் ஒடித்தார். மினி லாரி பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு நிற்காமல் போனது. வேனின் இரண்டு சக்கரங்கள் வாய்க்கால் சரிவில் இறங்கின. வேன் சாய்ந்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை. துர்காவின் சாம்பார் டப்பா திறந்து ஜெயத்தின் புடவையெல்லாம் கொட்டியது. முதலில் ஜெயம்தான் பேசினாள்.

"எல்லாரும் எறங்குங்கடி. மெதுவா. அந்தப் பக்கம் எறங்காதீங்க, ரோடு."

நூற்றைம்பது மீட்டர் தள்ளி சுமலதா நின்றிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஓடி வந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து வேனைத் தள்ளினாள். செருப்பு சேற்றில் போனது.

கம்பெனி வாசலுக்கு வந்தபோது எட்டு இருபத்தைந்து. பதினேழு பேருக்கும் அரை நாள். அந்த மாதம் இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் நகரத்து நெரிசலால்.

பத்து மணிக்கு இராமதாஸ் போன் செய்தார். வேன் அவருடையது. கம்பெனியோடு ஒப்பந்தமும் அவருடையது.

"வடிவேலு, கண்ணாடி போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ராங் சைடுல போனியாமே?"

"ஆமா சார்."

"எத்தினி நாளா?"

வடிவேல் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பதினேழு பொம்பளைங்க உள்ள இருக்காங்கய்யா. ஒண்ணு ஆச்சின்னா இன்னா சொல்லுவ? கம்பெனில வேற வேன் பாக்கறன்னு சொல்லிட்டான். கெஞ்சி வெச்சிருக்கேன். இனிமே அந்த ஸ்டாப்பு கெடையாது. அந்தப் பொண்ணு எதிர்ப்பக்கம் வந்து நின்னா ஏத்திக்க. இல்லன்னா வுட்டுடு."

"அதுக்குத் தாண்ட முடியாது சார்."

"ஊர்ல எல்லாந்தான் தாண்டுது. சொல்லிடு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

வேனை நிழலில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கப் பார்த்தார். தூக்கம் வரவில்லை. இருபத்தேழு வருடமாக வண்டி ஓட்டுகிறார். அதில் ஒரு மனிதரைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை என்று சொல்ல முடியாது. விட்டிருக்கிறார். ஆனால் முந்தின நாளே சொல்லிவைத்து விட்டதில்லை.

மாலை ஐந்தரைக்கு அவர்கள் ஏறினார்கள். மாலையில் பனையந்தாங்கலுக்குச் சிக்கல் இல்லை. திரும்பும் பாதை தெற்குப் பக்கம். சுமலதா வீட்டுத் தெரு முனையிலேயே இறங்குவாள்.

ராஜீவ் காந்தி சிலை வரை இருபது நிமிடம் ஆனது. அங்கிருந்து இந்திரா காந்தி சிலைக்கு வேன் நடந்து போனது. வாடகை ஸ்கூட்டரில் வந்த வெளியூர்க்காரர்கள் போனில் வழியைப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றார்கள். பேருந்துகள் ஒன்றின் பின்னால் ஒன்று மூக்கை இடித்துக்கொண்டு நின்றன. சிக்னலில் நூற்று இருபதிலிருந்து எண் இறங்கியது. பச்சை விழுந்து பத்து வண்டி போவதற்குள் மறுபடி சிவப்பு. வேனுக்குள் எஞ்சின் சூடு ஏறியது. பக்கக் கண்ணாடி இல்லாததால் வடிவேல் இடப்பக்க ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது சிவப்பில் ஜெயம் பேசினாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கம்பெனியில் ஒரு வரிசைக்கு அவள்தான் பொறுப்பு. ஏரிக்கரையில் ஏறுபவள்.

"அண்ணே, நாளைக்கும் அந்த வழிதானா?"

"இல்லம்மா."

"அப்ப சரி." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "நான் யாரயும் மனசுல வெச்சிக்கினு சொல்லல. எம் பொண்ணுக்கு வளைகாப்பு வருது. அந்த லாரி ஒரு அடி தள்ளி வந்திருந்தா இன்னைக்கு எனக்கே மால போட்டிருப்பாங்க."

"உனக்கு சாம்பார்லயே அபிஷேகம் பண்ணியாச்சேக்கா," என்றாள் துர்கா. அவள் எல்லோரிலும் இளையவள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயம் சிரிக்கவில்லை.

"நீ வாய மூடுடி. டப்பாவ ஒழுங்கா மூடத் தெரில."

கடைசி இருக்கையில் சுமலதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கொடுத்த பழைய செருப்பு காலில்.

"சுமா," என்றாள் ஜெயம் திரும்பாமலே. "நீ கொஞ்சம் நடந்து அந்த மேற்குத் தெறப்புக்கு வந்துடேன். அங்க வண்டிங்க வேகம் கொறைக்கும். மெதுவா தாண்டிக்கலாம்."

"போனேன்கா."

"எப்ப?"

"போன மாசம். ரெண்டு நாளு. மாமியாரக் கூட்டிக்கினு போனேன். அரை மணி நேரம் நின்னேன். கால் வரல. திரும்பிட்டேன்."

சிக்னல் பச்சையானது. வேன் நான்கு வண்டி தூரம் போய் நின்றது.

துர்கா திடீரென்று சொன்னாள். "இன்னாத்துக்கு இவ்ளோ யோசனை? காலைல டிரைவர்ணா காலி வண்டில மேற்க போறாரே. அப்ப இவ வீட்டு வழியாத்தான போறாரு. அப்பவே ஏறிக்கலாம்ல? ஏரிக்கரை வரைக்கும் போயி எங்களோட திரும்பி வரட்டும்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். துர்காவுக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பெனி ஒட்டிய தாள் இருந்தது. அதில் ஏழு விதிகள். நான்காவது: காலி வாகனத்தில் பெண் பணியாளர் எவரும் தனியாகப் பயணம் செய்யக் கூடாது. ஜெயம் அதை விரலால் தட்டிக் காட்டினாள்.

"படிச்சியா?"

"படிச்சேன். டிரைவர்ணாவுக்கு அம்பத்தாறு வயசுக்கா."

"வயசுக்கா பேசுவாங்க? விடியக்காலைல இருபது நிமிஷம், ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, காலி வண்டி. புருஷன் ஊர்ல இல்ல. பனையந்தாங்கல் டீக்கடைல ஒரு வாரத்துக்கு வேற பேச்சே இருக்காது."

பிறகு வடிவேலைப் பார்த்து, "உங்கள ஒண்ணும் சொல்லலண்ணே," என்றாள்.

"தெரியும்மா," என்றார். அவர் காது சிவந்திருந்தது. இடப்பக்கம் எட்டி, பின்னால் எதுவும் வராதபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெட்டியார்பாளையம் தாண்டியதும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மூலக்குளத்தில் வடிவேலின் வீட்டுத் தெரு வந்தது. மாடியில் விளக்கு எரிந்தது. தினமும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். போய், எல்லோரையும் இறக்கிவிட்டு, இதே இடத்துக்குத் திரும்பி வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

பனையந்தாங்கலில் சுமலதா இறங்கினாள். வடிவேலும் இறங்கினார். சக்கரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்தார்.

"நாளைலேர்ந்து அந்தப் பக்கமா வர முடியாதும்மா. ஓனர் சொல்லிட்டாரு."

"தெரியும்ணா."

"வேற எதுனா பஸ்..."

"டவுன் பஸ்ஸும் அந்தப் பக்கந்தான்ணா நிக்கும்."

அது அவருக்கும் தெரிந்ததுதான். லாரி ஒன்று காற்றை அடித்துக்கொண்டு போனது. இருவரும் அது போகும் வரை நின்றார்கள்.

"கன்னியம்மா அன்னைக்கு வர வேணாம்னுதான் சொன்னா," என்றாள் சுமலதா. "ஒடம்பு சரியில்லன்னா. நான்தான் லேட்டாகுது வாங்கன்னு இழுத்தேன்."

வேனுக்குள்ளிருந்து ஜெயம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

மறுநாள் காலை ரயில்வே கேட் திறந்திருந்தது. ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பனையந்தாங்கல் வந்தது. முழுதாக விடியவில்லை. தெரு முனையில் சுமலதா நின்றிருந்தாள். தோளில் பை. கையில் போன். பக்கத்தில் அவள் மாமியார் சின்னப்பொண்ணு போர்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

வடிவேல் இருபதடி தள்ளிப் போய் நிறுத்தினார். நிறுத்தியிருக்கக் கூடாது என்று நினைத்தார். சுமலதா ஓடி வந்தாள்.

"வேணாம்மா. ஓனருக்குத் தெரிஞ்சா என் வேலையும் போயிடும்."

"நான் தனியா இல்லண்ணா."

"இன்னா சொல்ற? அத்தயும் வராங்களா? அவங்கள எங்க எறக்கறது? திரும்பி வரப்ப அவங்களும் அந்தப் பக்கந்தான எறங்கணும்."

சுமலதா போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் குக்கர் விசில் கேட்டது. பிறகு ஜெயத்தின் குரல்.

"ஏத்திக்கண்ணே. நான் லைன்ல இருக்கேன். ஏரிக்கரைல நான் ஏறுற வரைக்கும் கட் பண்ண மாட்டேன்."

"பேப்பர்ல தனியா கூடாதுன்னு போட்டிருக்குதேம்மா."

"போன்ல ஆளு இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதா? நேத்து ராத்திரி பூரா யோசிச்சித்தான் சொல்றேன். கம்பெனில எதுனா கேட்டா நான் பேசிக்கறேன். ஊர்ல கேட்டா அவ மாமியா பேசிக்குவாங்க. ஏத்துண்ணே, இட்லி வெந்துடுச்சி, நான் எறக்கணும்."

சின்னப்பொண்ணு மெதுவாக நடந்து வந்து சேர்ந்தாள். வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லா இருக்கைகளையும் பார்த்தாள். பிறகு வடிவேலைப் பார்த்தாள்.

"கண்ணாடி இல்லாமயா ஓட்ற?"

"இன்னைக்குப் போட்டுடுவேம்மா."

"பாத்துப் போ."

சுமலதா கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். போனைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். வடிவேல் உள்விளக்கைப் போட்டார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று அணைக்காமல் ஓட்டினார்.

வேனில் இரண்டு பேரும் பேசவில்லை. ஜெயத்தின் வீடுதான் பேசியது. பாத்திரம் விழுந்தது. ஜெயத்தின் கணவர் பனியனைக் கேட்டார். "கண்ணு முன்னாடிதான் கெடக்குது, மூக்க வெச்சிப் பாரு," என்றாள் ஜெயம். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. நடுநடுவே அவள் கூப்பிட்டாள்.

"சுமா?"

"இருக்கேன்கா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

"சுமா?"

"உம்."

மூன்றாவது முறை பதில் வரவில்லை. ஜெயம் குரலை உயர்த்தினாள். "சுமா? ஏய் சுமா?"

வடிவேல் உள்கண்ணாடியில் பார்த்தார். சுமலதாவின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மூன்றரை மணிக்கு எழுந்திருப்பாள் என்று தோன்றியது. சமைத்து, பெண்ணுக்குக் கட்டி வைத்து, மாமியாரோடு வந்து இருட்டில் நிற்க.

"தூங்குதும்மா," என்றார் சத்தமாக.

"அப்ப சரி. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஏரிக்கரையில் ஜெயமும் மற்ற ஆறு பேரும் நின்றிருந்தார்கள். ஜெயம் போனைக் காதில் வைத்தபடியே ஏறினாள். நேராகக் கடைசி இருக்கைக்குப் போனாள். அங்கிருந்த போனை எடுத்து அணைத்து, சுமலதாவின் பையில் போட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருபது நிமிஷமா கொறட்டைய கேட்டுக்கினு இட்லி ஊத்தியிருக்கேன்," என்றாள் பொதுவாக.

"தெனமும் கேக்கணும் இனிமே," என்றாள் துர்கா.

"தெனமும்தான்."

துர்கா சிரித்தாள். பிறகு அதை யோசித்துப் பார்த்ததுபோல் சிரிப்பை நிறுத்தினாள்.

வழியில் மற்றவர்கள் ஏறினார்கள். மேற்குத் திறப்பு வந்தபோது வடிவேலின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. எடுத்துக்கொண்டார். வடக்குப் பாதையில் நேராகப் போனார். திட்டுக்கு அந்தப் பக்கம் மீன் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அது வழக்கம்போல உள்பக்கம் ஒதுங்கியது. ஓரம் காலியாகக் கிடந்தது. பிறகு பனையந்தாங்கல். சின்னப்பொண்ணு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிறு பெண் தலை வாராமல் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தது. எண்பதில் போனதால் இரண்டு நொடிதான்.

ஜெயமும் அதைப் பார்த்தாள். சுமலதாவை எழுப்பலாமா என்று கை ஒரு கணம் போனது. எழுப்பவில்லை.

வில்லியனூரில் வேகம் குறைந்தது. மூலக்குளத்துக்கு முன்பே வண்டிகள் நிற்கத் தொடங்கின. இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் வேன் நின்றது. பின்னால் யாரோ ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் இருந்தார்கள். அந்தச் சத்தத்தில் சுமலதா விழித்தாள். வெளியே பார்த்தாள்.

"நம்ம ஊரு வந்துடுச்சாக்கா?"

"அப்பவே தாண்டியாச்சி," என்றாள் ஜெயம். "தூங்கு."